திம்பம் ஏறி இறங்கும் வண்டிக்குப் பெட்ரோலா, டீசலா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பா 2009இல் எடுத்த டீசல் பிக்கப் தளர்ந்துவிட்டது, புது வண்டி எடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் திம்பம் மலை ஏறி மேலே இருக்கும் தாளவாடி போய் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் எடுத்து வருவீர்கள். போகும்போது கிடைத்தால் உரமூட்டையோ தீவனமோ ஏற்றிக்கொள்வீர்கள். மற்ற நாட்களில் வாழைத்தார் ஏற்றித் தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடை. ஷோரூமில் டீசல் என்கிறார்கள். மச்சான், "புது டீசல் எடுத்தால் சைலன்சருக்கே சம்பாதிச்சுக் கொட்டணும்" என்கிறார். அமெரிக்காவில் பெரிய பிக்கப் வைத்திருப்பவர்களே பெட்ரோலுக்குப் போவதாக வீடியோவில் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். பெட்ரோலா, டீசலா? பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா? இவ்வளவுதான் எழுத்தில் இருப்பது. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அப்பா இத்தனை வருடம் நம்பி ஓட்டிய டீசலைப் போலவே இன்றைய டீசலையும் நம்பலாமா? அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். அதற்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்குச் சொல்லும் பதில் எதுவும் நிற்காது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, 1998லிருந்து ஈரோட்டுப் பக்கம் பட்டறை வேலை. முதல் பத்து வருடம் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்ப், நாசில் வேலை மட்டும்தான். பெஞ்சில் பம்பை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடிக் குழாயிலும் டீசல் சமமாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியவன். அப்புறம் அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் காமன் ரயில் முறை வந்தது, கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வந்தது, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. ஆகையால் எனக்கு டீசல் பக்கம் ஒரு சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். இன்னொன்று, பட்டறைக்கு வருவது பழுதான வண்டிதான். பழுதில்லாமல் ஓடும் வண்டியை நான் பார்ப்பதே குறைவு. இங்கே நான் பார்த்ததாகச் சொல்வதை ஊர்க்கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் எடை. எரிபொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதில் பாதி முடிவு ஆகிவிடுகிறது. நம் ஊரில் பெட்ரோல் சரக்கு வண்டி என்றால் முக்கால் டன் வகைதான். குட்டி யானை என்று நாம் சொல்கிற டாடா ஏஸின் பெட்ரோல் வண்டி, மாருதி சூப்பர் கேரி, இந்த இரண்டும் 750 கிலோவை ஒட்டிய சுமைக்குச் செய்தவை. ஒன்றேகால் டன், ஒன்றரை டன், அதற்கு மேல் என்று போனால் டாடா இன்ட்ரா வி30, அசோக் லேலண்ட் தோஸ்த், மகேந்திரா பொலேரோ பிக்கப் என்று எல்லாமே டீசல். இவற்றில் சிலவற்றுக்கு சிஎன்ஜி என்ற எரிவாயு வகையும் கிடைக்கிறது. ஒன்றரை டன் ஏற்றுகிற வண்டியைப் பெட்ரோலில் மட்டும் தேடினால் கைக்கு எதுவும் அகப்படாது. அதனால் உங்கள் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு நடைக்கு நான் உண்மையில் எத்தனை கிலோ ஏற்றுகிறேன்? முட்டைக்கோஸ் மூட்டை ஐம்பது கிலோ என்றால் பதினைந்து மூட்டையில் முக்கால் டன் வந்துவிடும். தாளவாடி வரை போய்ப் பதினைந்து மூட்டையோடு திரும்பினால் அந்த நடை கட்டுபடியாகுமா என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தவரை யாரும் அப்படித் திரும்புவதில்லை. முக்கால் டன் வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். அப்புறம் கிளட்ச் பிளேட் போய்விட்டது, பிரேக் பிடிக்கவில்லை, ஸ்பிரிங் பட்டை முறிந்துவிட்டது என்று வண்டியைத் திட்டுகிறார்கள். அதிகச் சுமைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் இருக்கிற அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. அது ஒரு பக்கம் இருக்கட்டும். மலைப்பாதையில் இறங்கும்போது கூடுதல் எடையை இழுத்துப் பிடிக்க வேண்டியது உங்கள் பிரேக்தான்.

இறக்கம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. "மலை ஏற டீசல்தான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வெறும் வண்டியாக ஏறுகிறீர்கள், சுமையோடு இறங்குகிறீர்கள். உரமூட்டை கிடைக்கிற அன்றைக்குத்தான் சுமையோடு ஏற்றம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு. வெறும் வண்டி ஏறுவதற்குப் பெட்ரோலே போதும், சிரமம் இல்லை. இருபது மூட்டை யூரியா ஏற்றினால் 900 கிலோ. அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும். வளைவில் முன்னால் ஒரு லாரி நின்று நின்று ஏறும். உங்கள் வேகம் பத்துக்கு இறங்கிவிடும். அப்போது இன்ஜின் குறைந்த சுற்றிலேயே இழுக்க வேண்டும். சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு முழு இழுவை 104 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்குப் பக்கத்தில் வந்த பிறகு. 2.5 லிட்டர் டீசல் பிக்கப் ஒன்றில் 200 நியூட்டன் மீட்டர், அது 1,500 சுற்றுக்கு உள்ளேயே வந்துவிடுகிறது. எண்களை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. பெட்ரோல் வண்டியில் வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்கி, இன்ஜினைக் கத்தவிட்டு, கிளட்சைப் பாதி அழுத்தி ஏற்ற வேண்டிவரும். டீசலில் இரண்டாவது கியரில் காலை லேசாக வைத்தாலே ஏறிவிடும். உயரமும் சேர்ந்துகொள்ளும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், மேலே காற்று மெலிந்திருப்பதால். டர்போ வைத்த டீசலுக்கு அந்த இழப்பு மிகக் குறைவு.

இறக்கத்தில் டீசல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று சொல்வது பாதிதான் உண்மை. பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்ததும் காற்று போகும் வழியை திராட்டில் என்ற கதவு அடைத்துவிடும். அடைத்த கதவுக்கு எதிராக இன்ஜின் காற்றை உறிஞ்சப் பார்ப்பதால் வண்டி பின்னால் இழுபடும். டீசலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அப்படி ஒரு கதவு கிடையாது. உள்ளே அழுத்தின காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளிவிடும். பெரிய லாரிகளில் புகை போகும் வழியை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைத்திருப்பது அதற்காகத்தான். சிறிய டீசல் பிக்கப்பில் இன்ஜின் பிடிப்பது போலத் தெரிவதற்குக் காரணம், அதன் கியர் கட்டையாக இருப்பதும் உள்ளே உராய்வு அதிகமாக இருப்பதும். ஆகவே எந்த வண்டி எடுத்தாலும் ஏறின கியரிலேயே இறங்குங்கள். பழைய டிரைவர்கள் சொன்ன அந்த வார்த்தை இன்றைக்கும் செல்லும். நான் டீசலை இறக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்த எடைக்கு ஏற்ற பிரேக்கும் சேசிஸும் டயரும் டீசல் வகையில்தான் கிடைக்கின்றன, அதனால்தான் சொல்கிறேன்.

இனி மச்சான் சொன்னதுக்கு வருகிறேன். அவர் சும்மா பயமுறுத்தவில்லை. அப்பாவின் 2009 மாடலுக்கும் இன்றைய டீசலுக்கும் இடையே 2020 ஏப்ரல் 1 இருக்கிறது. அன்றைக்கு பிஎஸ்6 கட்டாயமானது. பழைய இன்ஜின் புகையை அப்படியே வெளியே தள்ளிவிட்டுப் போய்விடும். இன்றைய இன்ஜினின் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரி அதில் தங்கும், நிரம்ப நிரம்ப அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். எரிய வேண்டுமானால் உள்ளே 550, 600 டிகிரி சூடு வேண்டும். நீண்ட ரோட்டில் சுமையோடு ஓடினால் அந்தச் சூட்டில் ஒரு பகுதி தானாகவே வந்துவிடும். ஊருக்குள்ளேயே சுற்றினால் வராது. அப்போது கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் பீய்ச்சிச் சூட்டை ஏற்றும். அந்த வேலை முடியப் பதினைந்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

நேரில் பார்த்தது ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். பனியன் ஜாப் ஒர்க். கட்டிங் யூனிட்டிலிருந்து தையலுக்கு, தையலிலிருந்து அயர்னுக்கு என்று துணிக்கட்டு ஏற்றி இறக்குவார். நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்டம், ஆனால் ஒரு நடை நான்கு கிலோமீட்டரைத் தாண்டாது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கொண்டுவந்தார். வந்தவர் இன்ஜினைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார். "அண்ணா, அருமையான இன்ஜினுங்க. ஆயில் குறையறதே இல்லீங்க, ஏறித்தான் நிக்குது." எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி வேஸ்ட் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே ஆயில் நின்றது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் பிசுக்கே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. முகர்ந்தால் டீசல் வாசம். கரியை எரிக்க என்று பீய்ச்சின டீசல், பாதியில் அணைத்த ஒவ்வொரு முறையும் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலில் இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும், டர்போவும் போயிருக்கும். ஸ்கேனர் மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தே கரியை எரித்தோம். சைலன்சர் அடியில் நெருங்க முடியாத சூடு. ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றி அனுப்பினேன். ஆறு மாதத்தில் மறுபடி அதே விளக்கு. வண்டியின் மேல் குற்றம் இல்லை. அந்த வேலைக்கு அந்த வண்டி பொருந்தவில்லை. அதை விற்றுவிட்டுப் பெட்ரோல் எடுத்தார். இப்போது ஆயில் மாற்ற மட்டும்தான் வண்டி பட்டறைப் பக்கம் வருகிறது.

அதே மாடல், அதே வருட வண்டி ஒன்று மேட்டுப்பாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் காய்கறி ஓட்டுகிறது. அதில் அந்த விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை என்று அதன் டிரைவர் சொல்கிறார், நானும் பார்த்ததில்லை. இரண்டு வண்டியை மட்டும் வைத்து ஊருக்கே தீர்ப்பு சொல்லக் கூடாதுதான். ஆனால் காரணம் தெளிவாக இருக்கிறது, பட்டறையில் பார்க்கிற மற்ற வண்டிகளும் அதையே காட்டுகின்றன. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட, சாவி போட்டால் அணைக்காமல் ஒரே மூச்சில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்பதுதான் முக்கியம். நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் ஒரே நடையாக ஓடினால் டீசலுக்கு நல்லது. பத்து நடையாக ஓடினால் அதே நாற்பது டீசலுக்குக் கேடு.

சில வண்டிகளில் புகையைச் சுத்தமாக்கும் ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலுக்கும் தனி டேங்க் இருக்கும், சிலவற்றில் அது இல்லாமல் வேறு முறை வைத்திருப்பார்கள். எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கிற வண்டியில் அது தீர்ந்தால் முதலில் எச்சரிக்கும், அப்புறம் இன்ஜின் சக்தியைக் குறைக்கும் அல்லது ஸ்டார்ட் ஆக விடாது. அது 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவைச் சுத்திகரித்த நீரில் கரைத்தது. விவசாயக் குடும்பம் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். "வீட்டில்தான் யூரியா மூட்டை கிடக்கிறதே" என்று ஒருவர் குடத்தில் கரைத்து ஊற்றிவிட்டு வந்தார். நம் கடைகளில் விற்கும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது, அதோடு போர்வெல் தண்ணீரின் உப்பும் சேர்ந்தது. பீய்ச்சுகிற நாசில் முனையில் வெள்ளைக் கட்டியாக உறைந்து நின்றது. கழற்றிப் பார்த்தபோது கல் உப்பு போல உதிர்ந்தது. அந்த ஒரு குடத்துக்குக் கொடுத்த விலையில் அவர் சில வருடத்துக்கு நல்ல ஆட்புளூ வாங்கியிருக்கலாம்.

டீசலின் சுத்தமும் அப்படித்தான். அப்பாவின் காலத்துப் பழைய நாசில் திறக்க இருநூறு பார் அழுத்தம் போதும். டிராக்டருக்கு என்று தோட்டத்தில் பேரலில் வைத்திருந்த டீசலை ஊற்றினாலும் இருமிக்கொண்டாவது ஓடிவிடும். காமன் ரயிலில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போகும். அவ்வளவு நுண்ணிய வேலைப்பாட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரோ மண்ணோ போனால் நாசில் காலி. மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்பு போய்ப் பம்ப் தேயும். பேரல் டீசலை டிராக்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இத்தனையும் படித்துவிட்டுப் பெட்ரோலே தேவலாம் என்று தோன்றும். பெட்ரோலுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் டீசலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கென்று டியூன் செய்யாத பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் குறையும் என்று 2021இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு அது ஆகாது, தினம் ஓடுகிற வண்டிக்குக் கவலை இல்லை. பழைய பெட்ரோல் வண்டிகளில் ரப்பர், ஹோஸ் எல்லாம் இதனால் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பட்டறையில் பார்த்ததை வைத்து இதில் அடித்துச் சொல்ல மாட்டேன். பத்து வருட ரப்பர் எத்தனால் இல்லாமலும் வெடிக்கும். இந்தக் கலவைக்கென்று வரும் புது வண்டிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

காசுக் கணக்கு. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவு சுமையோடு பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15, டீசல் வண்டி 20 கொடுத்தால், கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6 ரூபாய் 70 காசு, டீசலில் 4 ரூபாய் 65 காசு. வித்தியாசம் இரண்டு ரூபாய். நாளைக்கு 80 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 24,000 கிலோமீட்டர். அதில் கிட்டத்தட்ட 50,000 ரூபாய் மிச்சம். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்திருந்தாலும் இரண்டு வருடத்தில் எடுத்துவிடலாம். நாளைக்கு 25 கிலோமீட்டர் ஓடுபவருக்கு வருடத்தில் மிச்சம் 15,000தான். ஆறு வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் டிபிஎஃப் ஒருமுறை கையைக் கடித்தால் மொத்தமும் போச்சு. இந்த மைலேஜ் எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டு இதே வழியில் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் சொல்லும் மைலேஜைப் போடாதீர்கள், அதே வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரைக் கேட்டுப் போடுங்கள்.

அமெரிக்க வீடியோ உங்களைக் குழப்பினதில் வியப்பில்லை. அங்கே ஃபோர்டு எஃப்-250 போன்ற ஒரே வண்டியை 7.3 லிட்டர் பெட்ரோலிலும் எடுக்கலாம், 6.7 லிட்டர் டீசலிலும் எடுக்கலாம். டீசல் இன்ஜினுக்கு மட்டும் ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல். அங்கே டீசல் பெரும்பாலும் பெட்ரோலைவிட விலை அதிகம். பலர் அந்த வண்டியில் வெறுமனே வேலைக்குப் போய் வருகிறார்கள், எப்போதாவதுதான் பின்னால் டிரெய்லர் இழுப்பது. அவர்களுக்குப் பெட்ரோல் சரியான கணக்குதான். டிபிஎஃப் தொல்லையும் அவர்கள் சொல்கிற மாதிரியே இருக்கிறது, குறுகிய ஓட்டத்தில் அந்த நாட்டு வண்டியும் அடைத்துக்கொள்ளும். ஆனால் விலைக்கணக்கு இங்கே தலைகீழ். டீசல் விலை குறைவு, எடைக்கேற்ற பெட்ரோல் வண்டியே இல்லை. அவர்கள் முடிவை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து கோபியில் வைக்க முடியாது.

சிஎன்ஜி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஊருக்குள் குறுகிய நடைக்கு அது நல்ல வழி, டிபிஎஃப் கிடையாது. சிலிண்டர் எடையால் சுமை நூறு கிலோ அளவுக்குக் குறையும், மலையில் இழுவையும் குறையும். பண்ணாரி தாண்டிக் காட்டுக்குள் போகிறவர், திரும்பி வரும்வரை எரிவாயு இருக்குமா என்று பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டாம்.

டீசல் வண்டியைத் தடை செய்துவிடுவார்கள், நாளைக்கு விற்க முடியாது என்ற பேச்சும் இருக்கிறது. இதில் உறுதியானது கொஞ்சம்தான். பத்து வருட டீசல் கட்டுப்பாடு டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்கு உரியது, நம் மாநிலத்தில் அது இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் டீசல் நான்கு சக்கர வண்டிகளை 2027க்குள் நிறுத்தலாம் என்று 2023இல் ஒரு குழு மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், சட்டம் இல்லை. பத்து வருடம் கழித்து டீசல் பிக்கப் என்ன விலைக்குப் போகும் என்று யார் சொன்னாலும் அது ஊகம். நீங்கள் எடுப்பது ஓட்டிச் சம்பாதிக்க. ஐந்தாறு வருடத்தில் வண்டி போட்ட காசை எடுத்துக் கொடுக்குமா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது உங்களுக்கான பதில். தாளவாடி நடை போக வர 150 கிலோமீட்டருக்குக் குறையாது, வாரத்தில் இரண்டு முறை. ஒரு டன்னுக்கு மேல் சுமை. இந்த வேலைக்கு டீசல்தான், ஒன்றேகால் அல்லது ஒன்றரை டன் வகை. அந்த இரண்டு நாள் ஓட்டத்திலேயே வடிகட்டியின் கரி எரிந்துவிடும். உங்களிடம் டிபிஎஃப் விளக்கை வரவழைக்கக்கூடியது மற்ற நான்கு நாள்தான். தோட்டத்திலிருந்து மார்க்கெட்டுக்கு ஒரு நடை எத்தனை கிலோமீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. பதினைந்து, இருபது என்றால் கவலையே வேண்டாம். மூன்று, நான்கு என்றால் வாரத்தில் இரண்டு மலை நடை காப்பாற்றும், ஆனால் மழைக்காலத்தில் இரண்டு வாரம் மலைக்குப் போகாமல் இருந்துவிட்டால் விளக்கு எரிய வாய்ப்பு உண்டு. எரிந்தால் பயப்பட வேண்டாம். அன்றைக்கே சத்தியமங்கலம் ரோட்டில் மூன்றாவது, நான்காவது கியரில் இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் வைத்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். எரிந்த விளக்கோடு வாரக்கணக்கில் ஓட்டுவதுதான் செலவு வைக்கும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் குறைகிறதா என்று பார்க்கிற மாதிரியே, ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஆயில் மாற்றும்போது டிபிஎஃப் வண்டிக்கென்று புத்தகத்தில் போட்டிருக்கிற குறைந்த சாம்பல் வகையைத்தான் ஊற்ற வேண்டும். கரியை எரித்துவிடலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளேயே தங்கிவிடும். டிபிஎஃப்பைக் கழற்றி வீசிவிட்டுக் கம்ப்யூட்டரை மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் விட்டுவிடுங்கள். சட்டப்படி குற்றம், வாரண்டியும் போய்விடும்.

பழைய வண்டியைக் கேட்டிருந்தீர்கள். எக்ஸ்சேஞ்சில் பெரிய தொகை தரப்போவதில்லை. அதற்கு எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பாருங்கள். சேசிஸ் துருப்பிடிக்காமல், எஃப்சி கையில் இருந்தால், அதுவரை அதை வைத்துக்கொண்டு தோட்டத்து நடைகளுக்கு ஓட்டுங்கள். பசுமை வரியும் இன்சூரன்ஸும் கட்ட வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அதில் டிபிஎஃப் இல்லை, மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை அணைத்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. புகை அதிகமாக விட்டால் நாசிலை மட்டும் கழற்றி ஒருமுறை டெஸ்ட் செய்து கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலை. புது வண்டி மலைக்கும் நீண்ட மார்க்கெட் நடைக்கும் மட்டும் ஓடட்டும். கடனை அடைக்கிற முதல் ஒரு வருடத்தில் புது வண்டியின் வடிகட்டிக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. எஃப்சி முடிகிற அன்றைக்கு அப்பாவின் வண்டியைக் கொடுத்துவிடலாம்.